பத்து லட்சம் பேருக்கு இல்லாத எடை

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் மாலை ஆறு மணிக்கு வாக்குச்சாவடிகளை மூடினார்கள். அதன்பின் இரண்டு மணி நேரம்கூடக் கழியவில்லை, பொது வாக்கெடுப்பு தோற்றுவிட்டது என்று தொலைக்காட்சியில் அறிவித்துவிட்டார்கள். அப்போது மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த் நகரில் இன்னும் பிற்பகல். அங்கே வாக்குச்சாவடிகள் திறந்தே இருந்தன. அதற்குப் பிறகு அங்கே வாக்களித்தவர்கள் சீட்டில் எதை எழுதிப் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது.

இதற்குக் காரணம் ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் ஒரு சொல்லைத் திருத்துவதென்றாலும் நாடு முழுவதும் மக்களிடம் கேட்டாக வேண்டும். கேட்டு, இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். நாட்டின் மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் 'ஆம்' விழ வேண்டும். அதோடு ஆறு மாநிலங்களில் குறைந்தது நான்கில் தனித்தனியாகப் பெரும்பான்மை கிடைக்க வேண்டும். அன்று நியூ சவுத் வேல்ஸ், டாஸ்மேனியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய மூன்றும் மறுத்துவிட்டன என்று தெரிந்த நொடியில் கணக்கு முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது மூன்று மாநிலங்கள்; தேவையோ நான்கு.

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஆஸ்திரேலியாவின் முதல் மக்களான அபாரிஜினல் மக்களையும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களையும் அரசமைப்பில் அங்கீகரித்து, அவர்களுக்கென்று 'குரல்' என்ற பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கச் சம்மதமா? புதிதாகச் சேர்க்கவிருந்த 129ஆம் பிரிவு சில வரிகள்தான். பூர்வகுடிகள் தொடர்பான விஷயங்களில் நாடாளுமன்றத்திடமும் மத்திய அரசிடமும் அந்த அமைப்பு தன் கருத்தை எடுத்துச் சொல்லலாம். அதில் யார் இருப்பார்கள், எப்படித் தேர்ந்தெடுப்பார்கள், என்னென்ன வேலை என்பதையெல்லாம் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தீர்மானிக்கும். சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. சட்டங்களை நிறுத்திவைக்கும் அதிகாரமும் இல்லை. நிதியும் அதன் கையில் இல்லை. எடுத்துச் சொல்லும் உரிமை மட்டுமே. அதற்கு 60.06 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்தன. குவீன்ஸ்லாந்தில் 'ஆம்' மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. தலைநகர் கான்பரா இருக்கும் பிரதேசம் மட்டும் 61 சதவீதத்தோடு ஆதரித்தது. பிரதேசங்கள் மாநிலக் கணக்கில் சேராது என்பதால் அந்த ஆதரவால் இரண்டாவது தடையைத் தாண்ட உதவி எதுவுமில்லை.

வாக்கெடுப்பு முடிந்த கையோடு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு பெரிய கருத்தாய்வு நடத்தினார்கள். தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் பூர்வகுடிகளுக்குப் பேச்சுரிமை இருப்பது முக்கியமா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 87 சதவீதம் பேர் முக்கியம் என்றார்கள். 'வேண்டாம்' என்று வாக்களித்தவர்களிலேயே நான்கில் மூன்று பேர் அப்படிச் சொன்னார்கள். ஒரு காரியம் நல்லது என்று நம்பிய கோடிக்கணக்கானவர்களில் ஒரு பெரும் பகுதி அந்தக் காரியத்தைச் செய்ய வந்த திருத்தத்தைத் தோற்கடித்திருக்கிறது. மக்கள் மனம் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி இதைக் கடந்துவிட என்னால் முடியவில்லை. இனவெறுப்பு அந்தப் பிரசாரத்தில் இருந்தது; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து இந்த எண்களை விளக்க முடியாது. அந்த வாக்கெடுப்பு என்ற இயந்திரத்தையே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கருத்துச் சொல்ல மட்டும் ஓர் அமைப்பு என்றால், நாடாளுமன்றமே ஒரு சாதாரணச் சட்டத்தால் அதை உருவாக்கியிருக்கலாமே, எதற்காக அரசமைப்பு வரை போக வேண்டும்? நியாயமான கேள்விதான். விடை கடந்த காலத்தில் இருக்கிறது. 1973இல் பூர்வகுடிகளுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் ஆலோசனைக் குழு வந்தது; 1977இல் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த மாநாடு 1985இல் முடிந்தது. 1990இல் 'அட்சிக்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆணையம் வந்தது. திட்டங்களை நடத்தும் பொறுப்பும் பணமும் அதனிடம் இருந்தன. அதன் தலைமையைச் சுற்றிச் சர்ச்சைகள் எழுந்தன. அவற்றைச் சரிசெய்வதற்குப் பதில் 2005இல் ஆணையத்தையே ஒழித்தார்கள். 2010இல் தொடங்கிய தேசிய காங்கிரஸ் நிதி வெட்டப்பட்டு 2019இல் மூடப்பட்டது. பட்டா இல்லாத மனையில் குடியிருப்பவர் எத்தனை முறை வீடு கட்டினாலும் அடுத்த அதிகாரி வந்து காலி செய்யச் சொல்லலாம். பூர்வகுடித் தலைவர்கள் கேட்டது அந்தப் பட்டாவைத்தான்.

கோரிக்கை புதியதும் அல்ல. யோர்ட்டா யோர்ட்டா இனத்தைச் சேர்ந்த வில்லியம் கூப்பர் என்ற முதியவர் 1930களில் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதியிலிருந்து ஒரு மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டினார். தம் மக்கள் அழிந்துபோகாமல் காக்க வேண்டும், நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு எழுதப்பட்ட மனு. 1,814 பேர் கையெழுத்திட்டார்கள். பலர் அரசுக் காப்பகங்களில், மேலாளரின் அனுமதியின்றி வெளியே போகக்கூட முடியாமல் இருந்தவர்கள். 1937இல் மனு அரசின் கையில் கொடுக்கப்பட்டது. அமைச்சரவை அதை மன்னருக்கு அனுப்பவில்லை.

எண்பது ஆண்டு கழித்து, 2017 மே 26 அன்று, மத்திய ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகே கூடிய சுமார் 250 பூர்வகுடிப் பிரதிநிதிகள் நாட்டு மக்களை நோக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதற்கு முன் நாடு முழுவதும் பன்னிரண்டு இடங்களில் பகுதிவாரியாகக் கூடிப் பேசியிருந்தார்கள். முதலில் அரசமைப்பில் ஒரு குரல். பிறகு அரசோடு உடன்படிக்கையும், கடந்த காலக் கொடுமைகள் பற்றிய உண்மை கூறலும் நடத்த ஓர் ஆணையம். இதுவே அவர்கள் கேட்டது. ஒரு சிலர் கூட்டத்திலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். உடன்படிக்கைதான் முதலில் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு இறுதிக்குள் பிரதமர் மால்கம் டர்ன்புல் அறிக்கையின் முதல் கோரிக்கையை நிராகரித்தார். 2022 மே 21, தேர்தலில் வென்ற இரவில், ஆந்தனி ஆல்பனீசி அதை முழுமையாக நிறைவேற்றுவதாக உறுதி சொன்னார். அப்போது கருத்துக்கணிப்புகளில் ஆதரவு 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

இங்கேதான் 128ஆம் பிரிவின் பிறப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1890களில் ஆறு பிரிட்டிஷ் காலனிகள் ஒரே நாடாகச் சேரலாமா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தன. சிறிய காலனிகளுக்கு ஒரு பயம். எண்ணிக்கையில் பெரிய நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் சேர்ந்துகொண்டு தங்களை விழுங்கிவிடுமே! அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுத்து அரசமைப்பை எழுதினார்கள். மேலவையில் எல்லா மாநிலங்களுக்கும் சம எண்ணிக்கை. இன்று அது பன்னிரண்டு. 80 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நியூ சவுத் வேல்ஸுக்கும் பன்னிரண்டு, ஆறு லட்சத்துக்கும் குறைவான டாஸ்மேனியாவுக்கும் பன்னிரண்டு. கீழவையில் மக்கள்தொகை எவ்வளவு குறைந்தாலும் தொடக்க மாநிலம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இடங்கள் நிச்சயம். அரசமைப்பை மாற்றுவதென்றால் டாஸ்மேனியாவின் 'வேண்டாம்' நியூ சவுத் வேல்ஸின் 'வேண்டாம்' அளவுக்கே கனக்கும்.

2021 கணக்கெடுப்பை ஒட்டிய மதிப்பீட்டின்படி ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள்தொகை 9,83,700. டாஸ்மேனியாவைவிட வெகு அதிகம். ஆனால் அவர்கள் எந்த ஒரு மாநிலத்திலும் பெரும்பான்மையாக இல்லை. கண்டம் முழுவதும் பரவி, மொத்த மக்கள்தொகையில் 3.8 சதவீதமாக இருக்கிறார்கள். அவர்களின் பங்கு மிக அதிகமாக, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றாக, இருக்கும் இடம் வட பிரதேசம். அது மாநிலம் அல்ல. அங்குள்ளவர்களுக்குப் பொது வாக்கெடுப்பில் வாக்களிக்கும் உரிமையே 1977இல்தான் வந்தது. இன்றும் அவர்கள் வாக்கு முதல் கணக்கில் மட்டுமே சேரும். 60,000 ஆண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்த சமூகங்களுக்கு அரசமைப்பைத் திருத்தும் இயந்திரத்தில் ஒரு பிடிகூடக் கிடையாது. 1901இல் மாநிலமான ஒரு தீவுக்கு உண்டு.

பேரம் நடந்த மேசையில் அவர்கள் இல்லை என்பது மட்டுமல்ல. மாநிலங்களுக்கான பங்குகளைக் கணக்கிடும்போது அவர்களைத் தலைகளாக எண்ணக்கூடாது என்றே 127ஆம் பிரிவு சொன்னது. 1967 மே 27இல் நடந்த வாக்கெடுப்பு அதை நீக்கியது. 90.77 சதவீதம் 'ஆம்'. அந்த வெற்றியை 2023இல் பலரும் நினைவுகூர்ந்தார்கள், இப்போதும் அப்படி நடக்கும் என்ற நம்பிக்கையோடு. ஆனால் 1967இல் எதிர்ப்பு வாதத்தை நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட முன்வைக்கவில்லை. வீடுகளுக்குப் போன அதிகாரபூர்வக் கையேட்டில் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' தரப்பே இல்லை. அதே நாளில் அதே வாக்காளர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். கீழவை, மேலவை உறுப்பினர் எண்ணிக்கைக்கு இடையே இருந்த கட்டாய விகிதத்தைத் தளர்த்தலாமா என்பது கேள்வி. பெரிய கட்சிகள் ஆதரித்தும் அது 40 சதவீதத்தோடு தோற்றது. ஒரே கை, ஒரே நாள். எதிர்த்துப் பேச நாலு பேர் வந்துவிட்டால் ஆஸ்திரேலிய வாக்காளர் இருப்பதை இருக்கவிடுவார்.

அந்த வரலாறு நெடியது. 1901 முதல் 2023 வரை 45 கேள்விகள் மக்கள் முன் வைக்கப்பட்டன, எட்டுதான் தேறின. கடைசியாக ஒன்று தேறியது 1977இல். அந்த ஆண்டிலேயே இன்னொரு கேள்விக்கு நாடு முழுவதும் 62 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள். மூன்று மாநிலங்கள் மட்டுமே சேர்ந்ததால் அது தோற்றது. இரண்டு பெரிய அணிகளின் ஆதரவும் இல்லாமல் இதுவரை எதுவும் வென்றதில்லை. இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு, 2022 நவம்பரில் நேஷனல் கட்சியும் 2023 ஏப்ரலில் பீட்டர் டட்டன் தலைமையிலான லிபரல் கட்சியும் எதிர்ப்பதாக அறிவித்தபோதே முடிவு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். லிபரல் கட்சியின் ஜூலியன் லீசர் தன் நிழல் அமைச்சர் பதவியைத் துறந்துவிட்டு 'ஆம்' பக்கம் போனார். அப்படிப் போனவர்கள் வெகு சிலர்.

எதிர்ப்பிரசாரத்தின் கூர்மையான ஆயுதம் ஒரு சிறிய முழக்கம்: தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடு. எத்தனை உறுப்பினர்கள், சம்பளம் எவ்வளவு, நீதிமன்ற வழக்குகள் பெருகுமா என்று கேட்டார்கள். அரசுத் தரப்பு சொன்ன பதில் சட்ட அறிவுக்குச் சரியானது. அரசமைப்பில் கொள்கையை மட்டும் எழுத வேண்டும், விவரங்களை நாடாளுமன்றம் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளட்டும் என்றார்கள். உயர் நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீதிபதிகள் எத்தனை பேர் என்பதை நாடாளுமன்றத்திடம் விட்டதும் இதே முறைதான். ஆனால் எழுதப்படாத இடமெல்லாம் பயம் வந்து குடியேறியது. அமைப்பைக் காப்பாற்ற அரசமைப்பு வேண்டியிருந்தது. அரசமைப்பில் வைத்ததாலேயே விவரம் சொல்ல முடியவில்லை. விவரம் சொல்லாததாலேயே வாக்கு விழவில்லை. திட்டத்தை வகுத்தவர்கள் செய்த பிழையைவிட இந்தப் பூட்டுக்குள் பூட்டுத்தான் பெரிது என்று நினைக்கிறேன். நாற்பது வயதுக்கு உட்பட்ட எவரும் அதற்கு முன் ஒரு பொது வாக்கெடுப்பில் வாக்களித்ததே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக நடந்தது 1999இல், குடியரசாகலாமா என்ற கேள்விக்கு.

கருத்தாய்வில் 'வேண்டாம்' வாக்காளர்கள் முதன்மையாகச் சொன்ன காரணம் பிரிவினை. ஒரே நாட்டில் ஒரு பிரிவினருக்கு மட்டும் தனி உரிமையா? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களை நான் மதிக்கிறேன். சமத்துவம் என்பது எளிதாக ஒதுக்கிவிடக்கூடிய சொல் அல்ல. ஆனால் எந்தச் சமத்துவத்தைக் காப்பாற்றினோம் என்றும் பார்க்க வேண்டும். எல்லார் வாக்கும் சமம் என்ற கொள்கையை டாஸ்மேனியாவுக்காக அந்த அரசமைப்பு தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டது, அதை யாரும் பிரிவினை என்று சொல்வதில்லை. குறிப்பிட்ட ஓர் 'இனத்துக்கு' எனத் தனிச் சட்டம் இயற்றும் அதிகாரமும் 51ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. ஹிண்ட்மார்ஷ் தீவுப் பால வழக்கில், 1998இல், பூர்வகுடிப் பெண்கள் புனிதமெனச் சொன்ன இடத்துக்கான பாதுகாப்பை விலக்கிய சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லும் என்றது. 2007இல் வட பிரதேசப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் அரசு அவசரத் தலையீடு செய்தபோது, இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அங்கே செயல்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. பூர்வகுடிகளைத் தனியாகப் பிரித்துச் சட்டம் போடலாம். அந்தச் சட்டத்தைப் பற்றி அவர்களைத் தனியாகக் கேட்பதற்கான அமைப்பு மட்டும் கூடாது. அக்டோபர் 14க்குப் பின் நிலைமை இதுதான்.

பூர்வகுடிகளே ஒத்துப்போகவில்லையே என்றும் கேட்கிறார்கள். உண்மைதான். செனட்டர் ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் 'வேண்டாம்' தரப்பின் முகமாக இருந்தார். வறுமையும் வன்முறையும் நிறைந்த குடியிருப்புகளுக்குக் கான்பராவில் இன்னொரு அமைப்பு எதற்கு என்று அவர் கேட்டார். நேரெதிர்த் திசையிலிருந்து செனட்டர் லிடியா தோர்ப்பும் எதிர்த்தார். எங்கள் இறையாண்மையை நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை, அறிவுரை மட்டும் சொல்லும் அதிகாரமற்ற அமைப்பு வேண்டாம், உடன்படிக்கை வேண்டும் என்றார். 2022 நாடாளுமன்றத்தில் பதினோரு பூர்வகுடி உறுப்பினர்கள் இருக்கும்போது வேறு குரல் எதற்கு என்றும் சொன்னார்கள். அந்தப் பதினோரு பேரும் தத்தம் தொகுதிக்கும் மாநிலத்துக்கும் கட்சிக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். பிரைஸும் தோர்ப்பும் எதிரெதிர் இடங்களில் நின்றதே அதற்குச் சாட்சி. தொலைதூரக் குடியிருப்புகளின் வாக்குகளையும் பார்க்கலாம். குவீன்ஸ்லாந்தின் பாம் தீவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 'ஆம்'. வட பிரதேசத்தின் டீவி தீவுகளிலும் வடேயிலும் அதைவிட அதிகம். அந்த மாநிலத்தின், பிரதேசத்தின் மொத்தக் கணக்கில் அவை கரைந்துபோயின.

முடிவு தெரிந்ததும் 'ஆம்' தரப்பின் பூர்வகுடித் தலைவர்கள் ஒரு வாரம் மௌனம் காத்தார்கள், கொடிகளை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்கள். மத்திய அரசு உடன்படிக்கை ஆணையம் பற்றிய பேச்சை மெல்ல மெல்ல ஒதுக்கிவைத்தது. மாநிலங்களில் பாதிப்பு இன்னும் வேகமாக வந்தது. குவீன்ஸ்லாந்தில் 2023 மே மாதம்தான் எதிர்க்கட்சியின் ஆதரவோடு உடன்படிக்கைக்கான சட்டம் நிறைவேறியிருந்தது. வாக்கெடுப்பு முடிந்த ஒரு வாரத்துக்குள் அந்த எதிர்க்கட்சி பின்வாங்கியது. 2024 அக்டோபரில் ஆட்சிக்கு வந்ததும் சட்டத்தை நீக்கியது, கடந்த காலக் கொடுமைகளைப் பதிவுசெய்யத் தொடங்கியிருந்த விசாரணையையும் நிறுத்தியது. வாக்குச்சீட்டில் உடன்படிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இருந்ததில்லை.

தெற்கு ஆஸ்திரேலியா மாநில அளவில் தன் சொந்தக் 'குரலை' 2023 மார்ச்சிலேயே சாதாரணச் சட்டமாக நிறைவேற்றியிருந்தது. அதற்கான முதல் தேர்தல் 2024 மார்ச்சில் நடந்தபோது தகுதியுள்ளவர்களில் பத்தில் ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. தோல்வியின் களைப்பு அதில் தெரிந்தது என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் அமைப்பு உருவாகி, அந்த மாநில நாடாளுமன்றத்தில் உரையாற்றவும் செய்தது. சாதாரணச் சட்டத்தால் நீடிக்க முடியாது என்பதும் இயற்கை விதியல்ல. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கான தனித் தொகுதிகள் 1867இல் ஒரு சாதாரணச் சட்டத்தால் வந்தவை. இன்று ஏழு இருக்கின்றன, அவற்றுக்கு அரசமைப்புப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆனால் அங்கே 1840இன் வைட்டாங்கி உடன்படிக்கை பின்னால் நிற்கிறது. மாவோரிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். எந்தக் கட்சியும் அவர்களைப் பகைக்க யோசிக்கும். ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் அரசு யாரோடும் உடன்படிக்கை செய்துகொள்ளவில்லை. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற சட்டக் கற்பனையை 1992இல் மாபோ வழக்குத் தகர்க்கும் வரை அது தேவை என்றும் நினைக்கவில்லை.

விக்டோரியா மட்டும் தொடர்ந்து நடந்தது. அங்கே 2019இலேயே பூர்வகுடிகள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு முதல் மக்கள் பேரவையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2021இல் தொடங்கிய யூருக் நீதி ஆணையம் பல ஆண்டுகள் சாட்சியம் கேட்டது. 2024 நவம்பரில் மாநில அரசோடு பேச்சு தொடங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் மாநில உடன்படிக்கைச் சட்டம் நிறைவேறியது. அந்தப் பேரவையைச் சட்டபூர்வமாக நிலைநிறுத்தி, அரசின் செயல்களைக் கேள்வி கேட்கும் ஓர் அமைப்பையும், உண்மை கூறலைத் தொடரும் ஓர் அமைப்பையும் அது உருவாக்குகிறது. நாடு மறுத்த குரலைவிட இது பல படிகள் மேல்.

அதுவும் ஒரு சாதாரணச் சட்டமே. 2024 தொடக்கத்தில் உடன்படிக்கைக்கான ஆதரவை விலக்கிக்கொண்ட மாநில எதிரணி, ஆட்சிக்கு வந்தால் முதல் நூறு நாட்களுக்குள் அதை நீக்குவதாகச் சொல்லியிருக்கிறது. மாநிலத் தேர்தலுக்குக் குறித்திருக்கும் மாதம் 2026 நவம்பர்.